மறந்துபோன ராணுவ மந்திரி

போன வாரம் பாகூரில் டீக்கடைப் பேச்சு. தமிழர்களில் ராணுவ மந்திரியாக இருந்தவர்கள் யார் யார்? நிர்மலா சீதாராமன் என்றார்கள். என் வயதுக்காரர் ஒருவர் ஆர்.வெங்கட்ராமனைச் சொன்னார். சி.சுப்பிரமணியம் பெயர் யார் வாயிலும் வரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மறந்ததில் தப்பில்லை. 1979 ஜூலைக் கடைசியில் சரண்சிங் மந்திரிசபையில் அந்தப் பதவிக்கு வந்தார், 1980 ஜனவரியில் போய்விட்டது. ஆறு மாதம்கூட இல்லை. ஆனால் அவர் 1964ல் ஏற்ற உணவு இலாகாவை நம் வயதுக்காரர்கள் மறக்கலாமா என்பதுதான் என் ஆதங்கம்.

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ராஜாஜி, காமராஜ் இருவரிடமும் பத்து வருடம் மந்திரி. பிறகு டெல்லி போய் உருக்கு இலாகா, அப்புறம் சாஸ்திரி காலத்தில் உணவு. அப்போது அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை. வில்லியனூரில் அத்தை வீட்டில் மைலோ கஞ்சி குடித்தது இன்றும் நாக்கில் இருக்கிறது.

மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதை 18,000 டன் வரவழைத்தார். இடதுசாரிகள் எதிர்த்தார்கள், நிதி இலாகா முகம் சுளித்தது. மனிதர் அசரவில்லை. தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அந்த விதையை விதைத்துக் காட்டினார்!

பலன்? 1967 தேர்தலில் தோல்வி. இந்திப் பிரச்சினையில் 1965ல் ராஜினாமா செய்துவிட்டு அதைத் திரும்பப் பெற்றதும் ஒரு காரணம். அரிசித் தட்டுப்பாட்டுக் கோபம் இன்னொன்று. அரிசிக்கு வழி தேடியவரே அரிசியால் தோற்றார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எமர்ஜென்சியில் நிதி மந்திரியாகவே இருந்தார், அதை நான் இன்றும் ஏற்கவில்லை. இயற்கை விவசாயம் பேசும் பிள்ளைகள், யூரியாவைக் கொட்டி மண்ணைக் கெடுத்த திட்டம் அவருடையது என்கிறார்கள். பாதி நியாயம். எங்கள் பக்கம் போர்த்தண்ணீர் கீழே கீழே போனதையும், கடலோர ஊர்களில் உப்பு ஏறியதையும் பார்த்தவன் நான். ஆனால் ஏரியையும் வாய்க்காலையும் விட்டுவிட்டுப் போரை மட்டும் நம்பியது நாம்தானே? அதற்கும் அவர்மேல் பழி போடலாமா?

1998ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 88.

1968ல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. அன்று சி.எஸ். ஒரு எம்.பி.கூட இல்லை. அதே சமயம்தான் எங்கள் அப்பா முதன்முதலாக ஐ.ஆர். எட்டு நாற்று விட்டார். களத்தில் மூட்டை ஏறக்குறைய இரட்டிப்பு. யார் கொண்டுவந்த திட்டம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. "இந்தக் குட்டை வைக்கோலை வச்சிக்கிட்டு மாட்டுக்கு என்னத்தப் போடறது?" என்றுதான் அம்மா கேட்டார்.