பாதிச் சம்பளம் அரசாங்கம் தரும், பதிவு நம்மிடம் இருக்கிறதா?

2025 நவம்பர் 7 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் நம் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருந்தது. மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு அமர்த்தும் தனியார் துறை முதலாளிக்கு, அவருடைய சம்பளத்தில் பாதியை, மாதம் 15,000 ரூபாவுக்கு மேற்படாமல், 24 மாதங்களுக்கு அரசாங்கம் தரும் என்பதே அந்த முன்மொழிவு. இதற்கென 500 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. பதுளை பஸார் வீதியில் இதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் டித்வா புயல் வந்தது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் அவரவர் உயிரையும் சரக்கையும் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம், நமக்குப் புரிகிற பாஷை அதுதானே. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச சம்பளம் 30,000 ரூபா. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 12 வீதம், 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக ஒரு ஊழியருக்கு நமது செலவு 34,500. அதில் 15,000 அரசாங்கத்தினுடையது என்றால் நம் கல்லாவிலிருந்து போவது 19,500 ரூபா மட்டுமே. கடைக்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவனும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறான் என்று தினமும் புலம்புகிற நமக்கு இது சின்னத் தொகையா?

ஆனால் 500 மில்லியன் என்பது பெரிய பணமல்ல. ஒருவருக்கு வருடத்துக்கு 180,000 ரூபா என்று பிரித்தால் நாடு முழுவதிலும் 2,777 பேருக்குத்தான் போதும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏதோ ஒரு குறைபாட்டோடு வாழ்கிறவர்கள் நாட்டில் சுமார் 16 இலட்சம் பேர். முந்துகிறவருக்கே பந்தி. முந்தப்போவது யார்? கணக்காளர், சம்பளப் பட்டியல், ஆட்சேர்ப்புப் பிரிவு எல்லாம் வைத்திருக்கும் கொழும்புக் கம்பனிகள்தான். நம் கடைகளில் இரண்டு மூன்று பேர் வேலை செய்கிறார்கள், மாத முடிவில் கல்லாவைத் திறந்து கையில் எண்ணிக் கொடுக்கிறோம். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனை பேர் கட்டுகிறோம்? எழுத்தில் இல்லாத சம்பளத்தில் பாதியை எந்த அரசாங்கம் தரும்?

இந்தியாவில் 2008 இல் இதற்குக் கிட்டிய ஒரு திட்டம் வந்தது. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய வைப்பு நிதிப் பங்கை மூன்று வருடத்துக்கு மத்திய அரசே கட்டுவதாகச் சொன்னது. எதிர்பார்த்த அளவுக்கு முதலாளிமார் வரவில்லை. நம் நாட்டிலும் அரசாங்க வேலைகளில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்று 1988 இலேயே சுற்றறிக்கை போட்டார்கள். அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

ஊவாத் தோட்டங்களில் விஷயம் இன்னும் சிக்கல். தோட்டத்தில் நாட்சம்பளம் இந்த வருடம் 1,550 ரூபாவாகி, வரவுக்கு ஊக்கத்தொகையாக அரசாங்கம் 200 ரூபா சேர்த்து, 1,750 ஆகியிருக்கிறது. அந்த 200 ரூபாவும் தனியார் கம்பனியின் ஊழியருக்குப் பொதுப் பணத்திலிருந்து போவதுதான், அதை யாரும் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அது செக்ரோலில் பெயர் உள்ளவருக்கு. கால் நடக்க முடியாதவர் மலைச் சரிவில் கூடை சுமக்க முடியாது, பார்வையில்லாதவருக்குக் கொழுந்து பறிக்க மலை கொடுக்கமாட்டார்கள். அவருடைய பெயர் செக்ரோலில் ஏறுவதேயில்லை. அவருக்கு வேலை என்று ஒன்று இருந்தால் அது பசறையிலோ ஹாலிஎலயிலோ பண்டாரவளையிலோ நம் கடைகளில்தான்.

அவர் அங்கே வந்து சேருவதற்குள் படும் பாட்டைப் பாருங்கள். வைத்தியச் சான்றிதழுக்கு ஒருநாள், கிராம உத்தியோகத்தருக்கு ஒருநாள், பிரதேச செயலகத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு வரும் தாய்க்கு மூன்று நாள் பேர் விழாது, 5,250 ரூபா போய்விடும். லயத்திலிருந்து பஸ் பாதைக்கு ஆட்டோக் கூலி வேறு. மாதம் 10,000 ரூபா கொடுப்பனவு பெறுகிற குடும்பத்துக்கு, வேலைக்குப் போனால் அது வெட்டுப்படுமோ என்ற பயமும் உண்டு. வெட்டமாட்டோம் என்று அரசாங்கம் எழுத்தில், தமிழில், சொல்ல வேண்டும். சமூக சேவை உத்தியோகத்தர் வைத்தியரையும் கூட்டிக்கொண்டு மாதம் ஒருநாளாவது தோட்டத்துக்கே போகலாம். வாக்குக் கேட்க எல்லோரும் போகிற பாதைதானே அது.

என் ஹார்ட்வெயார் கடையில் பசறைப் பக்கத்துத் தோட்ட இளைஞர் ஒருவர் ஆறு வருடமாக வேலை செய்கிறார், காது கேளாது, பேச்சும் இல்லை. முதல் நான்கு மாதம் கஷ்டம்தான். பெட்டிக்குப் பெட்டி மாதிரி ஆணியையும் நட்டையும் ஒட்டி வைத்தேன், விலையை அட்டையில் எழுதினேன். இன்று வாடிக்கையாளர் பழைய பைப் துண்டைக் கையில் காட்டினால், அளவுகோல் இல்லாமல் அதே அளவை எடுத்துத் தருகிறார். என்னிடம் அந்தக் கண் இல்லை. அரசாங்கத்தின் 24 மாதப் பணம் அந்த முதல் சில மாத நஷ்டத்துக்கான ஈடு என்றே நான் பார்க்கிறேன். எல்லா வேலையும் எல்லோருக்கும் பொருந்தாது. கால் ஊனமானவரை ராக்கையில் ஏற்ற வேண்டாம், கல்லாவில் உட்கார வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை கடை வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சில்லறை கொடுத்தனுப்புவது நம் வழக்கம். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்பது வழக்கத்தில் இல்லை.

நம் வர்த்தகச் சங்கங்கள் அடுத்த கூட்டத்துக்கு அரசியல்வாதிக்குப் பதிலாகத் தொழில் அலுவலகத்திலிருந்து ஒருவரையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் அழைக்கட்டும். சேமலாப நிதியில் முதலாளியைப் பதியும் ‘டி’ படிவத்தைக் கட்டாக வாங்கி வைத்து, வந்த அங்கத்தவர்களைக் கொண்டு அங்கேயே நிரப்பிவிடலாம்.