மீ.பொ.வ. – பயம் ஏன்?

"கணக்கு நமக்கு வராது" என்று ஒரு மாணவன் முடிவு செய்வது பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் இல்லை. காரணி, மடங்கு என்று ஆரம்பிக்கும் ஆறாம் வகுப்பிலேயே அது நடந்துவிடுகிறது!

24, 36 என்றால் பகாக் காரணிகளாகப் பிரித்து மீப்பெரு பொதுக் காரணி 12 என்று சொல்லிவிடலாம். 1073, 1147 என்று கொடுத்தால்? 2, 3, 5, 7 என எதுவும் வகுக்காது. பையன் பேனாவை மூடிவிடுவான்.

இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு தச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 182 செ.மீ., 130 செ.மீ. நீளத்தில் இரண்டு பலகைகள். வீணாகாமல் ஒரே அளவில், முடிந்தவரை நீளமான துண்டுகள் வேண்டும். சின்னதைப் பெரியதன் மேல் வைத்தால் மிச்சம் 52. அதை 130ல் வைத்தால் இருமுறை போய் மிச்சம் 26. அது 52ல் சரியாக இருமுறை. விடை 26 செ.மீ. அவ்வளவுதான்! இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். இது ஒன்றுதான் ரகசியம்.

இதே வழியில், 1147லிருந்து 1073 போனால் 74. 1073ஐ 74ஆல் வகுத்தால் மீதி 37. 74ஐ 37ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 37. மூன்றே வரி!

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' ஏழாம் புத்தகத்தில் எழுதிய முறை இது. கி.பி. 499ல், 23 வயதில், ஆரியபட்டர் சொன்ன குட்டகமும் இப்படி மாறி மாறி வகுப்பதுதான். 1977ல் வந்த ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டிலும் இந்த முறைக்கு வேலை உண்டு. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களுக்கும் கணினி நொடியில் பொதுக் காரணி கண்டுவிடும். ஆனால் அவ்வளவு பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கத் திணறும். அந்தத் திணறல்தான் பூட்டு!

அப்படியிருக்க, கடினமான வழியை முதலில் கொடுத்துவிட்டு, எளிய வழியை மேல்வகுப்புக்குத் தள்ளுவது என்ன நியாயம்? பத்தாம் வகுப்பில் 'யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை' என்று அது வரும்போது பாதிப் பேர் கணக்கையே கைவிட்டிருப்பார்கள்.

பகாக் காரணி வேண்டாம் என்பதல்ல வாதம். எண்ணின் உள்ளமைப்பைக் காட்டுவது அதுதான். ஆனால் கழிக்கத் தெரிந்த குழந்தைக்குக் கழித்தலிலேயே விடை இருக்கிறது என்று முதலில் காட்டலாமே. இரண்டு காகிதப் பட்டைகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும். ஆறாம் வகுப்பில் ஒரு பீரியட் செலவழித்தால், "நமக்கு வராது" என்று சொல்லும் குழந்தைகள் கொஞ்சமாவது குறைவார்கள்.