சேர்த்த விளக்கு எரிய வேண்டும்



அஞ்சல்தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழங்காசு சேர்ப்போரையும், தீப்பெட்டி மேலட்டைகளைத் தேடி அலையும் சிறுவரையும் அறிவோம். டார்ச் விளக்குகளைச் சேர்ப்போரும் உலகில் பலர் உளர் என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ‘வீட்டிற்கு ஒன்று போதாதா? நாற்பது எதற்கு?’ என்று இல்லத்தரசியர் கேட்பதும் நியாயமே. எனினும் இப்பொழுதுபோக்கைச் சற்று நெருங்கி நோக்கினால், ஏனைய சேகரிப்புகளில் இல்லாத ஒரு சிறப்பு இதில் உண்டு என்பது விளங்கும்.

அஞ்சல்தலை ஏட்டில் ஒட்டப்பட்டபின் மீண்டும் கடிதத்தில் ஏறுவதில்லை. பேழைக்குள் புகுந்த பழங்காசு கடைத்தெருவிற்குத் திரும்புவதில்லை. டார்ச் விளக்கோ எத்தனை ஆண்டுகள் அலமாரியில் இருந்தாலும் தன் பணியினின்று ஓய்வு பெறுவதில்லை. பொத்தானை அழுத்தினால் அஃது எரிந்தாக வேண்டும். எரியாத விளக்குகளைச் சேர்த்து வைத்தவர் வெறுங்குழாய்களைச் சேர்த்தவரே ஆவார்.

பெயரும் பிறப்பும்

டார்ச் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தீப்பந்தம் என்பதே பழம்பொருள். ஆங்கிலேயர் வழியாக அச்சொல் நம்மிடம் வந்து நிலைத்தது. நம் சிற்றூர் மக்கள் அதனைப் ‘பேட்டரி லைட்டு’ என்று தம் வசதிக்கேற்ப வழங்கினர். அமெரிக்கரோ ‘ஃபிளாஷ்லைட்’ என்பர். பளிச்சென மின்னி மறையும் விளக்கு என்பது அதன் கருத்து. அப்பெயர் அழகு கருதி இடப்பட்டதன்று. தொடக்கக் காலப் பேட்டரிக் கட்டைகளுக்கு இடைவிடாது மின்சாரம் தரும் வலிமை இல்லை. அக்காலப் பல்பினுள் இருந்த கரியிழையோ மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியது. எனவே சற்றே எரியவிட்டு, உடனே அணைத்து, கட்டைக்கு ஓய்வு தந்து, பின்னரே மீண்டும் எரிக்க வேண்டியிருந்தது.

ஒரு விளக்கை எப்பக்கமும் சாய்த்துப் பிடிக்க வேண்டுமாயின், சிந்தாத மின்கலம் முதலில் வேண்டும். பிரான்சு நாட்டு லெக்லான்சே 1866இல் அமைத்த மின்கலம் கண்ணாடிச் சாடியில் நீர்மம் நிரப்பியதாக இருந்தது. செருமானியரான கார்ல் காஸ்னர் அந்நீர்மத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்து, 1886இல் உலர் மின்கலத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின், நியூயார்க்கில் வாழ்ந்த ஆங்கிலேயர் டேவிட் மிசெல் என்பவர், கட்டைகளை ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முனையில் பல்பையும் குழியாடியையும் பொருத்தினார். அவ்வமைப்பிற்கு 1899 சனவரி 10ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையைப் பெற்ற நிறுவனம், உருசியப் பேரரசிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த கான்ராட் ஹூபர்ட் என்பவருடையது. முதற்படிகள் சில நியூயார்க் நகரக் காவலர்க்கு வழங்கப்பட்டன. எவரெடி என்னும் பெயர் உலகெங்கும் பரவியது இவ்வழியாகத்தான். 1910ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை கொண்ட பல்புகள் வந்த பின்னரே டார்ச் நின்று எரியக் கற்றது. பழைய பெயர் மட்டும் அமெரிக்கரிடையே மாறாது நின்றுவிட்டது.

பித்தளைக் குழாயும் கரிக்குச்சியும்

நம் நாட்டில் 1934இல் எவரெடி கம்பெனி நிறுவப்பட்டது. 1959இல் அது யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாற்றம் பெற்றது. பழைய கட்டைகளின் மேலுறையில் அப்பெயரைக் காணலாம். போபால் நகரில் 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்த ஆலையும் இதே நிறுவனத்தினுடையது என்பதைச் சேகரிப்போர் மறப்பதற்கில்லை. நிறுவனம் பின்னர் கைமாறி, 1995இல் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்னும் பெயரைப் பெற்றது. ஒரு பழைய கட்டையின் மேலுறையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இத்தனை வரலாறும் கைக்குள் அடங்கும்.

‘ஜீவன் சாத்தி’ என்னும் பித்தளை டார்ச்சையும், ‘ஜீப்’ டார்ச்சையும் நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் நன்கறிவர். இரண்டு கட்டை, மூன்று கட்டை எனக் கட்டைக் கணக்கில்தான் டார்ச்சின் பெருமை பேசப்பட்டது. வெளிச்சம் மங்கிய கட்டைகளை வெயிலில் காயவைத்து மீண்டும் இட்டுப் பார்ப்பது அன்றைய வழக்கம். வெம்மையால் உள்ளிருக்கும் வேதிவினை சற்று விரைவுறுவதால் சிறிது வெளிச்சம் கூடும் என்பது உண்மையே. ஆயின் தீர்ந்த கட்டைக்கு வெயில் உயிர் தருவதில்லை. முற்றும் தீர்ந்தபின் சிறுவர் அதனை உடைத்து, நடுவிலிருக்கும் கரிக்குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளையாடினர்.

மேனாட்டுச் சேகரிப்பாளர் போற்றும் பொருள்களுள், இரண்டாம் உலகப் போரின்போது ஆலந்து நாட்டில் பிலிப்ஸ் நிறுவனம் செய்த பிடி விளக்கு ஒன்று. அதற்குக் கட்டையே வேண்டா. கைப்பிடியை விடாது அழுத்தி அழுத்தி, உள்ளிருக்கும் சிறு டைனமோவைச் சுழலச் செய்தால் எரியும். கை ஓய்ந்தால் விளக்கும் ஓயும். போர்க்கால இங்கிலாந்திலோ, 1939இல் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபின், டார்ச்சின் முகப்பை மெல்லிய தாளால் மறைத்து, ஒளியைத் தரைநோக்கித் தாழ்த்தியே மக்கள் நடக்க வேண்டியிருந்தது. 1979இல் அமெரிக்காவில் அந்தோணி மாக்லிக்கா வெளியிட்ட ‘மேக்லைட்’ என்னும் திண்ணிய அலுமினியக் குழாயும் இவ்வரிசையில் இடம்பெறும். காவலர்கள் அதனை விரும்பி ஏந்தினர்.

புதிய ஒளி

1990களில் இவ்வுலகம் முற்றும் மாறியது. சப்பானின் நக்கமுரா 1993இல் பேரொளி தரும் நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல ஒளியின்மீது மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசி, 1996இல் வெள்ளொளி எல்.இ.டி. செய்யப்பட்டது. நீல எல்.இ.டி.க்காக அகசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமும் இதனோடு இணைந்தது. இன்று டார்ச்சுகளில் பெரிதும் பயன்படும் 18650 என்னும் கட்டையின் பெயர் அதன் அளவையே குறிக்கும்: குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். பழைய இரண்டு கட்டை டார்ச்சின் ஒளி 20 லூமெனை எட்டுவதே அரிது. இன்று உள்ளங்கையில் அடங்கும் டார்ச், சிறிது நேரமேனும், 1,000 லூமென் தருகிறது.

ஆயினும் எண்களைக் கண்டு மயங்குதல் ஆகாது. லூமென் என்பது மொத்த ஒளியின் அளவு. அவ்வொளி எவ்வளவு தொலைவு பாயும் என்பதைக் கேண்டலா என்னும் அளவே காட்டும். 2009இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தர விதியின்படி, முழுநிலவின் ஒளிக்கு ஒப்பான கால் லக்ஸ் வெளிச்சம் எவ்வளவு தொலைவில் விழுகிறதோ, அதுவே அவ்விளக்கின் எட்டும் தொலைவு. 10,000 கேண்டலா உள்ள விளக்கு 200 மீட்டர் எட்டும். இருமடங்குத் தொலைவு வேண்டுமாயின் நான்கு மடங்கு கேண்டலா வேண்டும். வயல்வரப்பில் நடப்பவனுக்கோ இருநூறு மீட்டர் தேவையில்லை. தன் காலடிக்கு முன்னுள்ள பத்தடியே தேவை. கடைத்தெருவில் 18650 கட்டைமீது 9,900 மில்லி ஆம்பியர்மணி என்று அச்சிட்டு விற்பாரும் உளர். நல்ல நிறுவனங்களின் கட்டைகளே 4,000ஐத் தாண்டுதல் அரிது. அத்தகைய பொய்க் கட்டைகளை வீட்டிற்குள் விடாதீர்கள்.

ஆயத்தமே உயிர்

சேகரிப்பாளரின் உண்மையான பணி வாங்குவதன்று, பேணுவதே. உலர்கட்டையில் துத்தநாகக் குவளையே மின்கலத்தின் ஒரு முனையும் ஆகும். மின்சாரம் பிறக்கப் பிறக்க அக்குவளையின் சுவர் கரைந்து மெலிகிறது. ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் அரிநீர் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். ஆகவே நெடுநாள் பயன்படுத்தாத டார்ச்சினுள் கட்டையை விட்டு வைத்தல் ஆகாது. கழற்றி அருகிலேயே வைக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்து இடலாகாது. ஆல்கலைன் கட்டை கசிந்து வெண்பொரி படிந்திருப்பின், வினிகர் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் விளக்கு பிழைக்கும். ஈயக் கலம் உள்ள சார்ஜ் விளக்கு வெறுமையாகக் கிடந்தால் கெடும். அதனை நிரப்பியே வைக்க வேண்டும். லித்தியம் கலத்தை அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தலும், நசுங்கியதை மீண்டும் ஏற்றுதலும் தீங்கு தரும்.

இத்தனை கவனம் எதற்கு என்பீராயின், அதற்கு விடை நம் ஊர்ப்புறங்களிலேயே உள்ளது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கட்டு விரியன் இரவில் இரை தேடி வெளிவரும். தரையில் துயில்வோரையும் தீண்டும். கண்ணாடி விரியன் வரப்போரத்தில் அசையாது கிடந்து, மிதித்தவனைக் கடிக்கும். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடச் செல்லும் உழவரும், விடியுமுன் வெளியே செல்லும் பெண்களும், விறகடுக்கில் கைவிடும் மூதாட்டியும் இவ்விடர்க்கு ஆளாவோர். கடிபட்டவரைக் காலந்தாழ்த்தாது நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கடிபடாமல் காப்பதற்கோ, தரையை நோக்கிய ஒரு டார்ச்சே பலமுறை போதும். வீட்டில் டார்ச் இருந்தும் கட்டை தீர்ந்து கிடந்தமையால் இருட்டில் கால்வைத்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

இரவு அழைப்புகளுக்குச் செல்லும் எம் போன்றோர் கற்ற வேறொன்றையும் கூறுவோம். மின்சாரமற்ற வீட்டில் நோயாளியின் முகத்திற்கு நேரே ஒளி பாய்ச்சுதல் கொடுமை. டார்ச்சைத் தரையில் செங்குத்தாக நிறுத்திக் கூரையை நோக்கி எரியவிட்டால், அறை முழுதும் மெல்லொளி பரவும். வழியில் எதிர்ப்படுவோர் கண்ணிலும் ஒளி படலாகாது. இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால், மீண்டும் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் அவர் எங்கே கால்வைப்பாரோ!

காவிரிப் பாசனப் பகுதியில் ஓய்வுபெற்ற இரயில்வே கார்டு ஒருவரை அறிவோம். சிவப்பு, பச்சை, வெள்ளை என மூவொளி காட்டும் பணிக்கால டார்ச்சில் தொடங்கிய அவரது ஆர்வம், முப்பதுக்கு மேற்பட்ட விளக்குகளாய் வளர்ந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. அதில் கட்டை வாங்கிய நாள். திங்கள்தோறும் முதல் நாளன்று அனைத்தையும் எடுத்து எரித்துப் பார்ப்பார். ‘கிழவருக்கு வேறு வேலை இல்லை’ என்று தெருவார் பேசிக்கொண்டனர். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியது. மின்கம்பங்கள் சாய்ந்து, ஊர்கள் பல வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. அன்று மாலை அவர் தம் அலமாரியைத் திறந்து வைத்தார். கைக்குழந்தை உள்ள வீட்டிற்கு ஒன்று, படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டிற்கு ஒன்று, விழுந்த தென்னைகளை வெட்டி வழி செய்த இளைஞர்க்கு மூன்று என அனைத்தும் வெளியே சென்றன. மின்சாரம் வந்தபின் ஏழு விளக்குகள் திரும்பவில்லை. ‘கேட்டு வாங்கக் கூடாதா ஐயா?’ என்று வினவினோம். ‘எங்கேயாவது எரிந்துகொண்டு இருக்கும், சாமி’ என்றார் அவர். அலமாரியில் அவ்வேழு இடங்களையும் அவர் நிரப்பவில்லை.

சேகரிப்பு என்பது எங்கே பேராசையாகிறது, எங்கே பொறுப்பாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளைகள் இப்பொழுதுபோக்கை விரும்பினால் பெற்றோர் தடுக்க வேண்டா. பாட்டனார் விட்டுச்சென்ற பித்தளை டார்ச் ஒன்றைக் கையில் கொடுங்கள். கழற்றவும், களிம்பு போக்கவும், மீண்டும் பொருத்தி எரிய வைக்கவும் கற்கட்டும். அதனோடு, பக்கத்து வீட்டார் கேட்கும்போது தயங்காது கொடுக்கவும் கற்பியுங்கள்.

இவ்விதழை மடித்து வைத்தவுடன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு டார்ச் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எரிந்தால், வீட்டார் அனைவரும் இருட்டில் தடவியே எடுக்கக்கூடிய ஓரிடத்தில் அதனை வையுங்கள். எரியாவிடில், நாளை என்று தள்ளாது, கடை மூடுமுன் இரண்டு கட்டை வாங்கி வாருங்கள்.