"ஓடுற டிஸ்கில கை வைக்காதே"

கொம்பியூட்டர் கடையில் கேட்டாலும் சரி, விஷயம் தெரிஞ்ச நண்பரிடம் கேட்டாலும் சரி, இதுதான் புத்திமதி. நாங்கள் இதை ஏற்கவில்லை.

2019 நவம்பரில் எச்பிஈ நிறுவனம் ஓர் அறிவித்தல் விட்டது. அதன் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். உள்ளே இருக்கிற தரவும் திரும்பி வராது. ஒரே நாளில் பூட்டியவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் போகும் என்பதால் ரெய்ட்டை நம்பியும் பிரயோசனமில்லை. முன்கூட்டியே ஃபேர்ம்வெயாரை மாற்றினவர்கள்தான் தப்பலாம். கை வைக்காதவர்?

பயத்துக்கும் காரணம் இருக்கு. 2009 ஜனவரியில் சீகேட் தன் பரக்குடா டிஸ்குகளுக்கு விட்ட திருத்தமே சில 500 ஜிபி டிஸ்குகளை முடக்கியது. அதனால்தான் முதலில் பக்கப் எடுங்கோ, மொடல் இலக்கத்தைப் பாருங்கோ, தயாரித்தவரின் தளத்தில் மட்டும் இறக்குங்கோ என்கிறோம்.

ஆனால் எல்லாப் பாரமும் பாவிக்கிறவன் தலையிலா? கோப்புக்குப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 எண்ணைப் போட்டுவிட்டு "சரிபாருங்கள்" என்றால் கடமை முடிஞ்சுதாம். பாதியில் பழுதான டவுன்லோடை அது காட்டும், சரி. தளத்துக்குள் புகுந்து கோப்பை மாற்றுகிறவன் எண்ணை மட்டும் விட்டுவைப்பானா? டிஜிட்டல் கையொப்பம் வேணும். அதை டிஸ்க்கே சோதித்து, பொருந்தாததை மறுக்க வேணும். டிஸ்கின் ஃபேர்ம்வெயாரையே மாற்றி எழுதும் உளவுக் கருவியைக் காஸ்பர்ஸ்கி 2015 இல் வெளிப்படுத்தியது. அப்படிப் புகுந்தது ஃபோர்மட் பண்ணினாலும் போகாது.

உங்கள் டிஸ்க் இந்தச் சோதனையைச் செய்யுதா இல்லையா, கம்பனிக்காரரே? பெட்டியில் எழுதுங்கோ, கொள்ளளவுக்குப் பக்கத்திலேயே.