மரக் கிண்ணம் வெடிக்காமல் இருக்க



தூரிகையால் சவர்க்கார நுரை எழுப்பிச் சவரம் செய்பவர்கள் சிலர் மரக் கிண்ணத்தை விரும்பி வாங்குகிறார்கள். பட்டறையில் கடைந்த கிண்ணத்தைப் பெற்று, மினுக்கி, பூச்சுப் பூசி விற்பது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில். நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கும், விடுமுறையில் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவுகளுக்கும் விற்கலாம். ஆனால் வாங்கிய கிண்ணம் ஒரு மாதத்தில் வெடித்தால் அவர் மறுபடி வாங்கமாட்டார். பிறருக்கும் சொல்லிவிடுவார். ஆகவே தண்ணீரிலிருந்து காப்பதில்தான் எமது வருமானம் தங்கியிருக்கிறது.

ஏன் வெடிக்கிறது?

மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். உட்புறம் மட்டும் பூசி அடியை வெறுமையாக விட்டால், ஈரம் அடியால் ஏறும். ஒரு பக்கம் ஊத, மறுபக்கம் அப்படியே நிற்க, மரம் பிளக்கிறது. எனவே உள், வெளி, விளிம்பு, அடி எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பூச்சு வேண்டும்.

எந்த மரம்?

எமது வேலிகளில் கதியாலாக நட்ட பூவரசே நல்லது. ஹவாய்த் தீவு மக்கள் பூவரசில் உணவுக் கிண்ணங்கள் கடைந்தார்கள். கருஞ்சிவப்பான வைரப் பகுதியையே தெரிவுசெய்யுங்கள். தடிப்பாகக் கடைந்து, நிழலில் காயவிட்டு, வாரம் ஒருமுறை தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்ற பின்னரே இறுதியாகக் கடைய வேண்டும்.

பூசும் முறை

1. 120, 180, 240 இலக்க சாண்ட் பேப்பரால் வரிசையாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பும் நாரை மீண்டும் தேயுங்கள்.
2. பொலியூறித்தேன் வார்னிஷுடன் சம அளவு டர்பன்டைன் கலந்து முதற் பூச்சுப் பூசுங்கள். அது மரத்துக்குள் ஊறும்.
3. பின்னர் கலக்காத வார்னிஷை மெல்லியதாக 3 தடவை பூசுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு, இலேசாகத் தேயுங்கள்.
4. ஒரு மாதம் தண்ணீர் படாமல் வைத்த பின் விற்பனைக்குக் கொடுங்கள். மாரி மழைக் காலத்தில் பூச்சு காயச் சுணங்கும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்கலாம். அது ஒருபோதும் காய்ந்து இறுகாது. நாளடைவில் மணக்கும், சவர்க்காரத்தில் கழுவுப்பட்டுப் போகும். ஆளிவிதை எண்ணெய் இறுகும், ஆனால் சவர்க்காரத்தின் காரம் அதை விரைவில் அரிக்கும். மாத்தளை ஹப்புவிடவில் செய்யும் அரக்கு வேலை மிக அழகானது. எனினும் அரக்கு சூட்டில் இளகும், வெந்நீருக்கு உதவாது.

கவனம்

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றலாம். கிடுகு வேய்ந்த வீட்டில் இது பேராபத்து. துணியை விரித்து வெளியில் காயவிடுங்கள். வார்னிஷைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டத்தில் வைத்துப் பூசுங்கள்.

கிண்ணத்துடன் ஒரு சிறு துண்டும் எழுதிக் கொடுங்கள்: "கொதிநீர் ஊற்ற வேண்டாம். தண்ணீர் தேங்க விட வேண்டாம். கழுவித் துடைத்து, சாய்த்து வையுங்கள். வெயிலில் காய விட வேண்டாம்." இந்த நான்கு வரியும் உங்கள் உழைப்பைக் காக்கும்.