சீட்டு மேஜைக்கு ஒரு ஒழுங்கு உண்டு... செல்போனில் அது எங்கே?

திருச்செந்தூர், ஆறுமுகநேரி, உடன்குடி... எந்த ஊர் கல்யாண வீடாக இருந்தாலும் முதல் நாள் ராத்திரி ஒரு காட்சி தப்பாது. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பந்தல் ஓரத்தில் ஜமக்காளம் விரியும். நாலைந்து பேர் ரம்மிக்கு உட்கார்ந்துவிடுவார்கள்.

சீட்டைக் கலைப்பதற்கு முன்பே விதியைப் பேசி முடித்துவிடுவார்கள். பாயின்ட்டுக்கு எத்தனை காசு, முதல் ஸ்கூட்டுக்கு எத்தனை பாயின்ட், ராங் ஷோ அடித்தால் என்ன தண்டம்... எல்லாம் முதலிலேயே முடிவாகும். போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கேயும் எழுதிவைக்காத சட்டம்தான். ஆனால், மீறியவரை அடுத்த ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள்.

கோவா மேஜையிலும் இதே கதைதான்!

கோவாவில் அரசு அனுமதியோடு கேசினோக்கள் நடக்கின்றன. அங்கேயும் உலகின் மற்ற ஊர்களிலும் போக்கர் அறைகளில் எழுதப்பட்ட விதிகள் உண்டு. போட்டி நடத்துபவர்கள் சேர்ந்து 2001-ல் ஒரு சங்கம் தொடங்கி, ஊருக்கு ஊர் மாறிக்கிடந்த போக்கர் போட்டி விதிகளைப் பொதுவாக்கினார்கள். முக்கியமானவை இவை:

● ஒரு கை சீட்டுக்கு ஒரே ஆள். பக்கத்தில் இருப்பவரிடம் யோசனை கேட்கக் கூடாது.

● வாயால் சொன்னது சொன்னதுதான். தன் முறை வரும்போது பந்தயத்தை ஏற்றுவதாகச் சொல்லிவிட்டால், பிறகு மனம் மாறக் கூடாது.

● ஆட்டம் தொடங்கும்போது மேஜையில் இருக்கும் பணம்தான் கணக்கு. நடுவில் பாக்கெட்டிலிருந்து எடுத்து வைக்க முடியாது. அந்தக் கை முடிய வேண்டும்.

● சண்டை, வசைச்சொல், கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவது எதற்கும் இடமில்லை. மேற்பார்வையாளர் எச்சரிப்பார், கேட்காவிட்டால் வெளியே அனுப்புவார்.

இத்தனை ஒழுங்கும் ஆடுபவரின் நன்மைக்காக மட்டும் அல்ல. ஆட்டத் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கையோ, உட்காரும் நேரத்துக்கு ஒரு கட்டணத்தையோ அந்த இடத்தை நடத்துபவர் எடுத்துக்கொள்வார். யார் ஜெயித்தாலும் அவருக்கு வருமானம். ஆட்டம் தகராறு இல்லாமல் நீண்டால்தான் அவருக்கு லாபம். ஆக, மேஜை விதிகள் ஆட்டத்தை நேர்மையாக்கும். ஆனால் ஆடுபவரை ஜெயிக்க வைக்காது.

1930 சட்டம் சொன்னது

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கான அடிப்படைச் சட்டம் 1930-ல் வந்தது. மற்றவர்கள் சூதாடுவதற்கு இடம் கொடுத்து, அதில் காசு பார்ப்பது அந்தச் சட்டப்படி குற்றம். திறமையை மட்டுமே நம்பிய ஆட்டங்களுக்கு 11-வது பிரிவு விலக்கு அளித்தது.

ரம்மி எந்தப் பக்கம்? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று யோசிக்க வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப்போ உரிமையாளரோ லாபம் பார்த்தால், அது ரம்மியாகவே இருந்தாலும் குற்றமாகலாம்.

மேஜை செல்போனுக்குள் வந்தபோது...

ஜமக்காளத்து ஆட்டத்தில் எதிரே முகங்கள் இருக்கும். தோற்றுக்கொண்டே இருப்பவரைப் பார்த்து, "போதும் அண்ணாச்சி, எந்திரிங்க" என்று யாராவது சொல்வார்கள். விடிந்தால் முகூர்த்தம், ஆட்டம் தானாகக் கலைந்துவிடும். செல்போனில் இந்த இரண்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் கிடைக்கும். போர்வைக்குள் கைப்பணம் கரைவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்ததால், தமிழக அரசு 2021-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அந்த நவம்பரில் சட்டம் செல்லும் என்ற உயர் நீதிமன்றம், ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது.

அடுத்து 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளைப் படித்தால், பந்தலில் இருந்த ஒழுங்கைச் செல்போனுக்குள் எழுதிப் பார்த்தது போலிருக்கும். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை. ஆதார் கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் போனது என்று 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். 'போதும் அண்ணாச்சி' என்பதன் அரசு வடிவம் அது! அந்த விதிமுறைகள் செல்லும் என்று 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த ஆகஸ்ட்டிலேயே நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பெரிய நிறுவனங்கள் பல, பண ஆட்டங்களை உடனே நிறுத்தின. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

தடை வந்துவிட்டதால் ஆபத்து ஒழியவில்லை. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் 'போனஸ்' லிங்க்குகள் வழியே கள்ள ஆப்களுக்குள் நுழைந்துவிட முடியும். அங்கே மேற்பார்வையாளர் இல்லை. ஜெயித்த பணத்தைத் தர மறுத்தால் கேட்பாரும் இல்லை.

பலர் வாய் திறக்காததற்குக் காரணம், 'சொன்னால் போலீஸ் பிடிக்கும்' என்ற பயம். 2025 மத்திய சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. பணத்தை இழந்த பிள்ளையோ கணவரோ தயங்காமல் வீட்டில் சொல்லலாம். பணம் மோசடியாகப் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். மனம் உடைந்திருந்தால் 14416 அல்லது 104-ல் பேசலாம். கேட்பவர்கள் முதலில் திட்டாமல் இருந்தால் போதும்; கடனை அடைக்கும் வழியை அதன்பிறகு சேர்ந்தே யோசிக்கலாம்.