தீபாவளிக்கு வர்றவங்க ஒரு ஷிப்ட் எடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. தீபாவளிக்கு குளுவாங் திரும்புற பிள்ளைங்க பொறுமையா படிங்க.

ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிடுச்சு. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து கேஎல்-லிலிருந்து இடிஎஸ் ரயிலும் நம்ம குளுவாங்குக்கு வருது. அதனால நிறைய பேர் வருவீங்க, சந்தோஷம். வந்து என்ன செய்யப் போறீங்க என்பதுதான் எங்க கேள்வி.

எங்க வீட்டுக் கதையையே சொல்றோம். அம்மாவுக்கு 84 வயசு. தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டினவங்க. இப்போ ஞாபக மறதி நோய். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?" என்று கேட்பாங்க. அந்தத் தோட்டம் செம்பனையாகி எத்தனையோ வருஷமாச்சு. அந்த நேரத்துல எழுந்து அவங்களைப் பிடிச்சு உட்கார வைக்கிறது எங்க வீட்டுக்காரம்மா. பெம்பஸ் மாத்துறது, மருந்து கொடுக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் அவங்கதான். மூணு தீபாவளியா அவங்க கோயில் பக்கமே வரலை. அன்னதானத்துக்கு இலை போடுற எங்களை ஊரே தொண்டர் என்று பாராட்டுது. வீட்டுல ராத்திரி பகலா தொண்டு செய்றவங்களை யாரும் கேட்கலை. நாங்களே கேட்கலை, அதுதான் உண்மை.

போன தீபாவளிக்கு அண்ணன், தங்கச்சி குடும்பம் எல்லாம் வந்தாங்க. வெடிச் சத்தத்துல அம்மா பயந்து நடுங்கிட்டாங்க. யாரோ ஆசையா படுத்த வாக்கிலேயே லட்டு ஊட்ட, புரை ஏறி மூச்சுத் திணறிப் போச்சு. எல்லாம் அடங்கின பிறகு தங்கச்சி கேட்டுச்சு: "அம்மா ஏன் இவ்வளவு இளைச்சுட்டாங்க? சரியா சாப்பாடு கொடுக்கிறதில்லையா அண்ணி?" எங்க வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசலை. அடுப்படிக்குப் போய் அழுதாங்க.

நாங்க பேக்டரியில சூப்பர்வைசர். ஒரு மிஷினுக்கு ஒரே ஆளை 24 மணி நேரம் நிக்க வைக்க மாட்டோம். ஷிப்ட் மாறும்போது எது ஓடுது, எது கோளாறு என்று புத்தகத்துல எழுதி, அடுத்த ஆள் கையெழுத்து போட்ட பிறகுதான் முதல் ஆள் வீட்டுக்குப் போகலாம். வீட்டுல மட்டும் ஒரே பொம்பளை வருஷம் முழுக்க ஷிப்ட் மாறாம நிக்கிறாங்க. இது எந்த ஊர் நியாயம்?

"சிங்கப்பூரிலிருந்து மாசாமாசம் பணம் அனுப்புறோமே" என்பீங்க. அந்தப் பணம் பெரிய உதவிதான், மறுக்கலை. ஆனா விடியற்காலை நாலு மணிக்கு அது எழுந்து வராது.

அதனால இந்த முறை ஹேம்பர் வேண்டாம். ஒரு ராத்திரி நீங்க அம்மா பக்கத்துல படுங்க. வந்ததும் முதல்ல எந்த மருந்து எப்போ, சாப்பாடு எப்படி என்று கேட்டு எழுதிக்குங்க. நிமிர்த்தி உட்கார வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க. திறந்த இல்ல உபசரிப்பு வச்சா, அவங்களுக்கு சத்தமில்லாத ஓர் அறையை ஒதுக்குங்க. குறை சொல்றதா இருந்தா, ஒரு ஷிப்ட் பார்த்த பிறகு சொல்லுங்க.

இன்னொண்ணு. படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு சமூக நல இலாகாவுல மாசம் 500 வெள்ளி உதவி இருக்கு. வருமானமில்லாத, 60 வயசைத் தாண்டினவங்களுக்கான உதவித்தொகை 2025 பட்ஜெட்டில் 600 வெள்ளியாச்சு. நிபந்தனைகள் உண்டு. லீவுல வர்ற படிச்ச பிள்ளைங்க பாரத்தைப் பூர்த்தி செஞ்சு கொடுத்துட்டுப் போங்க. அதுவும் தொண்டுதான்.

கோயில் தொண்டர்கள் நாங்களும் பேசியிருக்கோம். தீபாவளி காலையில ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கு வந்து பெரியவங்களோட உட்காருவோம். பாட்டிமார் இருக்கிற வீட்டுக்குப் பெண் தொண்டர்கள் வருவாங்க. அந்த ஒரு மணி நேரம் பார்த்துக்கிறவங்க கோயிலுக்கு வரட்டும். போட்டோ எடுக்க மாட்டோம். வேணும்னா இன்பாக்ஸ் பண்ணுங்க.

தீபாவளிக்கு முன்னாடி முன்னோருக்குப் படையல் போட குடும்பமே கூடுது. கூடணும், அது நம்ம வழக்கம். அதுக்கு முன்னாடி, உயிரோட இருக்கிறவங்களுக்கு ஒரு வாய் கஞ்சி உங்க கையால கொடுங்க.

இந்த வருஷம் எங்க வீட்டுல முதல் ஷிப்ட் எங்களுது. வீட்டுக்காரம்மா புதுப் புடவை கட்டி கோயிலுக்கு வருவாங்க. பார்த்தா ஒரு வணக்கம் சொல்லுங்க.

முருகா சரணம்.